காராமணி தின்னிகள் இருவர்

1

சுகாதார அமைச்சர் தியேமோகோ ஜாரா, ரொட்டிக் கடையில் வரிசையில் நின்றே ரொட்டி வாங்குவார். தம் காரில் கொடி கட்டமாட்டார். பேசுவதற்கு முன் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். தலைநகர் பாமாக்கோவின் மீன் சந்தையில் இரு பெண்கள் அவரைப் பற்றி வழக்காடியதைக் கேட்டபோது இக்கதை எனக்குக் கிடைத்தது. தம்மை அழைத்துப்போக வந்த இராணுவக் கேப்டனை அமைச்சர் ஏசினார் என்றாள் ஒருத்தி. கேப்டனே அமைச்சரை ஏசினார் என்றாள் மற்றவள். இருவரும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். ஆட்சி கவிழ்ந்த நாளில் என்ன சிரிப்பு என்பதே என்னை எழுத வைத்தது.

2

முதலில் இவ்வாறு தொடங்கினேன்: ‘பீரங்கிகள் முழங்க, நைஜர் ஆறு செந்நிறமாக–’

அடித்துவிட்டேன். அன்று ஒரு குண்டும் வெடிக்கவில்லை. காலை வானொலியில் செய்திக்குப் பதில் இராணுவ இசை ஒலித்தது. நண்பகலுக்குள் அதிபர் சிறையில் இருந்தார். பிற்பகலில், ஆட்சியைப் பிடித்த கர்னல் அமைச்சரைத் தொலைபேசியில் அழைத்தார். உடன் பணியாற்றிய இரு அமைச்சர்கள் கள்வர்கள் என வானொலியில் கூறினால் பதவி நிலைக்கும். மறுத்தால் வடக்கே பாலைவனச் சிறை.

தட்டம்மை ஊசி வண்டிகள் மறுநாள் கிராமங்களுக்குப் புறப்பட வேண்டும். அமைச்சர் சிறை புகுந்தால் அனுப்ப ஆளின்றி வண்டிகளும் நின்றுவிடும். மருந்து வெயிலில் கெடும்.

[இவ்விடத்தில் இவரை ஐயுற்றேன். இத்துணை நல்லவரைக் கண்டால் வாசகர் கொட்டாவி விடுவாரே. ஆகவே மறைக்காமல் எழுதுகிறேன்: பொய் சொல்லிவிடலாம் என்றுதான் அவர் எண்ணினார்.]

“ஒரே ஒரு பொய், நியேலே. வண்டி கிளம்பிடும்,” என்றார் மனைவியிடம்.

“ஒண்ணோட விடுவாங்களா? அடுத்த வாரம் என்னையும் திருடின்னு சொல்லச் சொல்லுவாங்க. சொல்லுவீங்களா?”

“நீ திருடிதானே. என் சட்டைப்பைய யாரு தடவுறது?”

அவர் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை.

3

மாலையில் அவரை அழைத்துப்போகக் கேப்டன் மோலோபா திராவோரே நான்கு வீரர்களோடு வந்தார். ஆணையிட வேண்டியவர், வாசலிலேயே ஒரு தவறு செய்தார். ஜாரா குலத்தவர் ஒருவரைக் கண்டதும் திராவோரே குலத்தவரின் நாக்கு முந்திக்கொண்டது.

“டேய் காராமணி தின்னி, உன் எஜமான் வந்திருக்கேன். எந்திரி.”

“எஜமானா? திராவோரேங்க எங்க வீட்டுல சட்டி கழுவுறவங்க. துப்பாக்கி தூக்கிட்டா கழுவ வேண்டாம்னு யாரு சொன்னா, காராமணிப் பயலே?”

வீரர்கள் சிரித்துவிட்டனர்.

(இவ்விரு குலத்தாரும் கேலி உறவினர். ‘காராமணி தின்னி’ என்பது அவர்களிடையே வழங்கும் பழைய வசை. எப்படியும் ஏசலாம்; சினங்கொள்ளல் ஆகாது. ஒருவர் கேட்பதை மற்றவர் மறுத்தலும் ஆகாது.)

கேலியைத் தொடங்கியபின் மிரட்ட இயலாது என்பது கேப்டனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆயினும் அவ்வழக்கிலேயே ஒரு பிடி கண்டார்.

“சரி, உறவுமுறையில கேக்குறேன். ரேடியோவுக்கு வா. மாட்டேன்னு சொல்ல உனக்கு வழியில்ல.”

அமைச்சர் கண்ணாடியைத் துடைத்தார். “நீயா கேக்குற? உங்க கர்னல் கேக்குறாரு. அவரு திராவோரே இல்லையே. உனக்குன்னு என்ன வேணும்? அதக் கேளு, தர்றேன்.”

கேப்டன் வீரர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

“எனக்கா... எங்க ஊரு சான் பக்கம். பொண்ணுக்கு ஒண்ணரை வயசு. பக்கத்து வீட்டுல அம்மை வந்துருச்சு. அங்க உங்க வண்டி இன்னும் வரல.”

4

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அமைச்சரைப் பாலைவனத்துக்குக் கொண்டுசென்றனர்; அதை எழுத என் கை ஒப்பவில்லை. மற்றொன்றில் கேப்டன் துப்பாக்கியை வீசிவிட்டு–

இல்லை, எவரும் அப்படி வீசுவதில்லை.

கர்னல் பிறகு என்ன செய்தார் என்பதை உங்களிடமே விடுகிறேன். வாசலில் நின்ற அவ்வைவரில் ஒருவரும் துப்பாக்கியை உயர்த்தவில்லை என்பது மட்டும் எனக்கு உறுதி. அதை வைத்து நான் நல்லதையே எண்ணுகிறேன். அமைச்சர் அன்று சொன்னதை மாற்றாமல் தருகிறேன்:

“ரேடியோவுக்கு நான் வரல. விடிஞ்சதும் வண்டிங்க கிளம்பும். மொத வண்டி உங்க ஊருக்கு. நானும் அதுலதான் போறேன்.”