நாகம்மா செத்துப்போன கவிதை

அங்கமுத்து பெற்ற தாயைக் கொன்றவன். கவிதையில்தான் என்றாலும் கொன்றது கொன்றதுதானே! போன வருடம் சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மண்டபத்தில் வெளிநாட்டு வேலையாட்களுக்குக் கவிதைப் போட்டி வைத்தார்கள். கட்டடத்தில் கம்பி கட்டுகிறவன் எதை எழுதுவான்? கம்பியைப் பற்றி எழுதினால் யார் அழப்போகிறார்கள்? யோசித்து யோசித்து, அறந்தாங்கியில் முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லாமல் இருந்த நாகம்மாவைச் சாகடித்தான். செய்தி வந்த பிறகும் மகன் கீழே இறங்க முடியாமல் உச்சி மாடியில் கம்பி கட்டிக்கொண்டே இருப்பதாக எழுதினான். எழுதும்போது தேம்பித் தேம்பி அழுதான். அந்த அழுகையில் ஒரு பொய்யும் கிடையாது.

முதல் பரிசு கிடைத்தது. மேடையிலிருந்து இறங்கியதும் ஆளாளுக்குக் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். அம்மா நன்றாக இருக்கிறாள் என்று அப்போதே சொல்லித் தொலைத்திருக்க வேண்டும். வாய் வரவில்லை. அத்தனை பேர் கண்ணீரோடு பாராட்டும்போது யாருக்குத்தான் வரும்? மறுநாள் தஞ்சோங் பகார் சைட்டில் கவிதையைப் படித்திருந்த மேனேஜர் ரகுபதி அவன் தோளில் கை வைத்து, வேலை செய்ய வேண்டாம், போய் ரெஸ்ட் எடு என்றபோதும் தலையைக் குனிந்துகொண்டு போய்ப் படுத்துவிட்டான். வீட்டில் அம்மாவைப் பற்றி எழுதிப் பரிசு வாங்கியதை மட்டும் சொன்னான். என்ன எழுதினான் என்பதைச் சொல்லவில்லை.

இன்று காலை தங்கை மோகனப்பிரியா போன் செய்தாள். அம்மாவுக்கு இதயம் பாதிகூட வேலை செய்யவில்லை, டாக்டர் கையை விரித்துவிட்டார், மகனை உடனே வரச் சொல்கிறார். சாயங்காலம் திருச்சிக்கு விமானம் இருந்தது. ஆனால் கம்பெனி சம்மதம் இல்லாமல் போனால் வேலை பெர்மிட் போய்விடும். விழுந்தடித்துக்கொண்டு ரகுபதியின் அறைக்கு ஓடினான்.

ரகுபதி இங்கேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சில் இந்த ஊர் 'லா' ஒட்டிக்கொண்டு வரும். நல்ல மனிதர்தான். ஆனால் லீவுக்காகப் பொய் சொல்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்தவர்.

"விளையாடாத லா. உங்கம்மாதான் போன வருஷமே போயிட்டாங்களே."

அங்கமுத்து, அது கற்பனை என்று மெதுவாகச் சொன்னான்.

ரகுபதி நாற்காலியை அவன் பக்கம் திருப்பினார். "நீ பரிசு வாங்குன அதே மாசம்தான் எங்கம்மா போனாங்க. எனக்கு அழுகையே வரல. உன் கவிதையப் படிச்சுத்தான் அழுதேன். ஃப்ரேம் போட்டு அவங்க போட்டோ பக்கத்துல மாட்டி வெச்சிருக்கேன். இப்ப வந்து டூப்புன்னு சொல்றியா?"

"கவிதை டூப் இல்ல சார்."

"செத்தாங்களா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

பாவி, காலில் விழப்போனான். ரகுபதி விலகிக்கொண்டார். அன்றைக்கு நடித்தாயா, இன்றைக்கு நடிக்கிறாயா, எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அதில் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை.

வேறு வழியில்லாமல் தங்கையை வீடியோவில் கூப்பிட்டு, அம்மாவைக் காட்டு என்றான். பெற்றவள் உயிரோடிருக்கிறாள் என்று நிரூபிக்கிற கதி எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது. மூக்கில் குழாயும் பாதி திறந்த கண்ணுமாக நாகம்மா திரையில் வந்தாள். எட்டிப் பார்த்த ரகுபதியின் முகம் வெளுத்துவிட்டது. உடனே கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி லீவைப் பதிய ஆரம்பித்தார்.

"முத்து," என்றாள் நாகம்மா. "என்னயப் பத்தி எழுதித்தான் பரிசு வாங்குனியாம். எனக்குப் படிச்சே காட்டலியே. படிடா, கேப்போம்."

படிப்பதா? முதல் வரியிலேயே அவள் பிணமாகக் கிடந்தாள். ரகுபதியின் விரல்கள் அப்படியே நின்றன. அவருக்கு அந்தக் கவிதை மனப்பாடம்.

"எங்கம்மா சிங்கப்பூர் வந்தா," என்று தொடங்கினான் அங்கமுத்து. வாயில் வந்ததைச் சொன்னான். சாங்கி விமான நிலையத்தில் இறங்கியவள் மின்படிக்கட்டைப் பார்த்துச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதை கேட்கிற பிள்ளையைப்போல நாகம்மா "ம்" கொட்டினாள். தேக்கா மார்க்கெட்டில் கத்தரிக்காய் விலையைக் கேட்டுக் கடைக்காரனோடு சண்டைக்குப் போனாள். "ம்." கால் வலிக்கிறதென்று ஜாலான் புசாரில் ஒரு ஆணிக்கடை வாசலில் உட்கார்ந்து மைலோ குடித்தாள். "ம்." மகன் கட்டிய கட்டடத்தைப் பார்த்து, நீ கட்டின கம்பி எங்கேடா என்றாள். உள்ளே இருக்கிறதம்மா என்றான்.

கவிதையா அது? ஆறுதல் பரிசுகூடத் தேறாது. ஆனால் நிறுத்த அவனுக்குப் பயமாக இருந்தது. அவளைப் பஸ்ஸில் ஏற்றினான், கடற்கரைக்குக் கூட்டிப்போனான், மழையை வரவழைத்தான், ஓடிப்போய்க் குடை வாங்கினான். குடை வாங்கிய இடத்தில் "ம்" வரவில்லை. காத்திருந்தான். சத்தமே இல்லை. திரை சாய்ந்து ஆஸ்பத்திரிக் கூரையைக் காட்டியது.

"அண்ணே, போதும்ணே. அம்மா போயிட்டாங்க," என்று மோகனப்பிரியா கதறினாள்.

"குடை வேணாம், நான் நனையுறேன்னு சொன்னா எங்கம்மா," என்றான் அங்கமுத்து.

ரகுபதி எழுந்து வந்து அவன் பின்னால் நின்றிருந்தார். இந்தத் தடவை அவர்தான் "ம்" என்றார்.