கழுவின நிலக்கரி

சிதம்பரத்தில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் மெர்லினுக்கு அந்த ஒரு பை பழுப்பு நிலக்கரிதான் ப்ராஜெக்ட். வெட்டியெடுத்த கரிக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அவள் அளக்க வேண்டும். அலையாய் அலைந்து அனுமதி வாங்கி, சுரங்க ஆபீசில் காற்றுப் புகாமல் கட்டிக் கொடுத்த பையை சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே இருந்த மந்தாரக்குப்பத்து வீட்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். வந்து பார்த்தால், அம்மா மரியபுஷ்பம் கரியைத் தேய்த்துக் கழுவி மொட்டைமாடியில் காயப்போட்டிருந்தாள்.

"எம்மா! என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

"புரபசர் கையில குடுக்கப்போற பொருளுடி. ஒரே மண்ணு. அப்பிடியேவா எடுத்துகினு போவ?"

"அந்த ஈரத்தத்தாம்மா நான் அளக்கணும்! மூள இருக்கா உனக்கு?"

மரியபுஷ்பம் ஞாயிறு பூசைக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். சுரங்க ஆபீசில் மெர்லின் வாயைத் திறப்பதற்குள், "தப்பு என்னுதுங்க சார். படிக்காதவ, கழுவிட்டேன். புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள்.

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். இன்னொரு பை வந்தது.

வெளியே வந்ததும் மெர்லின் வெடித்தாள். "கண்டவன் முன்னாடி படிக்காதவன்னு எதுக்கும்மா சொன்ன? எனக்கு மானமே போச்சு."

"படிச்சிருந்தா கழுவியிருப்பனாடி?"

மெர்லினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கும் கோபம் வந்தது. பையை வாங்கக் கை நீட்டினாள். அம்மா அந்தக் கையில் ஓர் அடி போட்டாள்.

"தொடாத. முடிச்சு அவுந்து ஈரம் போயிடப்போவுது. சிதம்பரம் வரைக்கும் நானே வரேன்."