கழுத்துத் தகரம்
எட்டு நாய்களுக்குப் பக்கத்தில் அது இருக்கிறது, ஆல்பத்தின் பிளாஸ்டிக் பக்கத்தில் ஒன்பதாவது பாக்கெட்டில், மேலே ஒரு துளையோடு, கே என்ற ஆங்கில எழுத்தும் அதன் கீழே 614 என்ற எண்ணும் குத்திய வட்டத் தகரம், ஓரமெல்லாம் துருவேறி, நடு மட்டும் யாரோ நெடுநாள் தேய்த்ததில் மழுங்கி, மற்ற எட்டும் நாய் உரிம வில்லைகள், அந்தக் காலத்து முனிசிபாலிட்டிகள் நாய்க்கு வரி கட்டியவர்களிடம் கொடுத்துக் கழுத்துப் பட்டையில் மாட்டச் சொன்னவை, சென்னைப் பித்தளை, ரங்கூன் செம்பு, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த நீல எனாமல், எந்த ஊர் என்றே தெரியாமல் எலும்புத்துண்டு வடிவத்தில் ஒன்று, ஒவ்வொன்றின் கீழும் இன்னாசிமுத்துவின் கையெழுத்தில் ஒரு சீட்டு, பொன்மலை ரயில்வே பட்டறையில் படம் வரைந்த கை, அச்சு வார்த்தாற்போல் இருக்கும், என்ன பொருள், எந்த ஊர், யார் கையிலிருந்து வந்தது என்று எப்போதும் மூன்று வரி, ஒன்பதாவது சீட்டிலும் மூன்று வரி, நாய் உரிம வில்லை, இலங்கை, கொழும்பு ஜவுளிக்கடைக்காரரிடமிருந்து அவருடைய மருமகன் வழியாக, அந்த மருமகன் நான், அந்த ஜவுளிக்கடை எந்தத் தெருவிலும் இருந்ததில்லை, அந்தத் தகரம் எந்த நாயின் கழுத்திலும் தொங்கியதில்லை, அது என் மனைவி சந்தனத்தின் அம்மா கழுத்தில் கிடந்தது, அதைச் சொல்லி, அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறேன், சந்தனம் போய் முப்பத்தாறு நாள் ஆகிறது, இன்னாசி உள்ளே டீ போடுகிறார், உக்காருங்க போஸ்ட்மாஸ்டரே, பாலு இப்பத்தான் வந்துச்சு என்று அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வருகிறது, நான் ஒருநாளும் போஸ்ட்மாஸ்டராக இருந்ததில்லை, பதிவுத் தபால் கவுண்டரில் முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்து எழுந்த குமாஸ்தா, அதைக்கூட நான் இவரிடம் திருத்தியதில்லை.

அந்தக் கவுண்டருக்குத்தான் சந்தனம் வந்தாள், பதினேழு வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, திருச்சிக் கொட்டப்பட்டு முகாமில் தகப்பனோடு தங்கியிருந்தவள், கடன் கேட்டும் வேலை கேட்டும் மாதம் ஒரு மனு, ஒவ்வொன்றையும் பதிவுத் தபாலில்தான் போடுவாள், இதுக்கு பதிலே வராதும்மா என்று நான் ஒருநாள் சொன்னேன், வராட்டி என்னாங்க, போச்சுன்னு நீங்க ரசீது தர்றீங்கல்ல, அது போதும் என்றாள், அந்தப் பதிலுக்காகவே அவளைக் கட்டிக்கொண்டேன் என்று நினைக்கிறேன், என் அக்காமார் கல்யாணத்துக்கு வரவில்லை, தோட்டக்காட்டுப் பெண்ணா என்றார்கள், ஆமாம் தோட்டக்காட்டுப் பெண்தான் என்று சித்தப்பாவின் முகத்துக்கு நேரே சொன்னவன் நான், அன்றைக்குக் கூசாத அந்த வாய்க்குப் பிறகு என்ன வந்தது, கல்யாணமான முதல் வருடம், நான் சேர்த்துத் தட்டுகளில் அடுக்கியிருந்த பழங்காசுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பாள், இந்த ராசாவுக்கு பல்லு வலி போல, இவரு மூக்குக்கே ஒரு காசு தனியா அடிக்கலாம் என்பாள், எனக்குப் பாரசீக எழுத்தில் ஆற்காட்டு நவாபின் பெயர் வாசிக்கத் தெரியும், தேய்ந்த டச்சுக் காசில் கம்பெனி முத்திரையைத் தடவியே கண்டுபிடிப்பேன், அவளுக்கு மூக்கும் பல்வலியும்தான் தெரியும், இருவரும் ஒரே காசைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், அப்போதுதான் ஒருநாள் தன் துணிப்பையிலிருந்து அந்தத் தகரத்தை எடுத்து என் கையில் வைத்தாள், நீங்க ஊர் ஊரா சேக்குறீங்க, எங்கிட்ட இருக்குறது இது ஒண்ணுதான், செல்லாத காசு, வச்சுக்கங்க என்றாள், அது காசில்லை என்று சொல்லிவிட்டு அதன் கதையையும் சொன்னாள், அவள் அம்மாவுக்குப் பன்னிரண்டு வயதாம், துறையூர்ப் பக்கத்திலிருந்து, தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி கூட்டிப்போனானாம், மண்டபம் முகாமில் மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்து, வரிசையில் நிறுத்தி, எந்தத் தோட்டத்து ஆள் என்று தெரிய எழுத்தும் எண்ணும் போட்ட தகரத்தைக் கயிற்றில் கோத்து ஒவ்வொரு கழுத்திலும் போட்டார்களாம், மற்றவர்கள் தோட்டம் போய்ச் சேர்ந்ததும் கழற்றி எறிந்தார்கள், அந்தப் பிள்ளைக்கு மட்டும் அது நகையாகத் தெரிந்தது, பிறந்ததிலிருந்து கழுத்தில் ஒன்றும் போட்டதில்லையே, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அடுப்புச் சாம்பல் போட்டுத் துலக்குவாளாம், எங்கம்மா கல்யாணத்தன்னிக்கிகூட கழட்ட மாட்டேன்னு ஒரே அழுகையாம் என்று சொல்லிச் சந்தனம் சிரித்தாள், நானும் சிரித்தேன், நடு மழுங்கியிருந்தது அதனால்தான்.

பிறகு நான் காசு சேர்ப்பவர்கள் சங்கத்தில் சேர்ந்தேன், மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் ஒரு லாட்ஜின் மாடி ஹாலில், டாக்டர், கல்லூரிப் பேராசிரியர், அரிசி ஆலைக்காரர் என்று பத்துப் பதினைந்து பேர், மேசையில் பச்சைத் துணி விரித்து அவரவர் கொண்டுவந்ததை வைப்பார்கள், உருப்பெருக்கிக் கண்ணாடி கைமாறிக் கைமாறிப் போகும், அங்கே ஒரு காசு என்ன என்று சொன்னால் மட்டும் போதாது, யாரிடமிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும், வந்த வழி சொல்லாத காசை டாக்டர் தொடவே மாட்டார், உங்ககிட்ட மட்டும் எப்படி சார் இவ்வளவு இலங்கைக் காசு என்று அவர்தான் கேட்டார், முகாமில் என் மனைவியின் சனங்கள் முந்தானையில் முடிந்துவந்த சில்லறை என்று சொல்ல வாயெடுத்தவன், அவருடைய தங்கப் பிரேம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, மாமனாருக்குக் கொழும்பில் ஜவுளிக்கடை என்றேன், அவ்வளவு சுலபமாக வந்தது, அடுத்த மாதம் கடைக்கு இரண்டு மாடி ஆனது, அதற்கடுத்த மாதம் கலவரத்தில் எரிந்தும் போனது, பேராசிரியர் என் தோளைத் தட்டினார், எரியாத, இல்லாத ஒரு கடைக்காக நான் தலைகுனிந்து துக்கம் வாங்கிக்கொண்டேன், என் மாமனாரோ அப்போது முகாமை விட்டு வெளியே வந்து ஒரு குடிசையில் கூடை முடைந்துகொண்டிருந்தார், பஸ்ஸில் போனால் இருபது நிமிடம்.

சங்கத்து ஆட்களில் இன்னாசி மட்டும்தான் வீட்டுக்கு வருவார், அன்றைக்கும் வந்தார், பதினோரு வருடம் ஆகிறது, மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை, தட்டுத் தட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் அதைத் தூக்கிவிட்டார், இது என்னா சார், துளையெல்லாம் போட்டு, நம்பரெல்லாம் போட்டு, என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார், தோட்டத் தகரம் என்றால் எப்படி வந்தது என்பார், எப்படி வந்தது என்றால் கடை போகும், மாடி போகும், இரண்டாம் ஞாயிறு போகும், அவர் சேர்ப்பது நாய் வில்லைகள் என்று தெரிந்தே, அதுவா, இலங்கையில் நாய் லைசென்ஸ் வில்லை, மாமனார் கடைச் சாமானோடு வந்தது என்றேன், சொல்லி முடித்துத் திரும்பினால் சந்தனம் இரண்டு காப்பி டம்ளரோடு நிலைப்படியில் நிற்கிறாள், இன்னாசி அவளைப் பார்த்துச் சிரித்து, நாய்க்கெல்லாமா தங்கச்சி லைசென்ஸு உங்க ஊர்ல என்றார், அவள் டம்ளர்களை வைத்துவிட்டு, ஆமாண்ணே, லைசென்ஸ் இல்லாம எங்க ஊருக்கு ஒண்ணும் கப்பலேற முடியாது என்றாள், குரல் கொஞ்சமும் மாறவில்லை, சக்கரை போதுமான்னு பாருங்க என்றாள், அவர் தகரத்தைத் தடவி, யாரோ சாம்பல் போட்டுத் தேச்சு கெடுத்திருக்கான் சார், நாய் மேல ரொம்பப் பாசம் போல என்று அடக்கமாட்டாமல் சிரித்தார், நானும் சிரித்தேன், ஆமாம் நானும் சிரித்தேன், பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து தரங்கம்பாடி டேனிஷ் ஈயக்காசு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார், நான் நாலு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது, ஒம்பதாவது பாக்கெட்டு காலியா கெடக்கு சார், மாத்திக்குவமா என்றார், நான் சந்தனத்தைப் பார்த்தேன், அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால், ஆனால் அவள் ஏன் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டியவன் நானல்லவா, அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள், நான் மாற்றிக்கொண்டேன். அதன்பிறகு அவள் என் தட்டுகளைப் பார்க்க வரவில்லை, புதுக்காசு வந்திருக்கு, இந்த ராஜாவைப் பாரேன் என்று ஒருமுறை கூப்பிட்டேன், நல்லாருக்காரு என்று அடுப்படியிலிருந்தே சொன்னாள், அவ்வளவுதான், சண்டையில்லை, அழுகையில்லை, இன்னாசி வந்தால் அதே காப்பி, அதே தங்கச்சி, கனவில் மட்டும் கேட்டுக்கு வெளியே ஒரு நாய் நிற்கும், கழுத்தில் தகரம் ஆடும், குரைக்காது, போ என்றால் போகாது, கிட்டே போனால் அது நாயில்லை, எண்ணெய் காணாத தலையோடு ஒரு சிறுமி வரிசையில் நிற்கிறாள், நான் கவுண்டருக்கு இந்தப் பக்கம் முத்திரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விழித்தால் விடிந்திருக்கும், சந்தனம் வாசல் தெளித்துக்கொண்டிருப்பாள்.

பெரியாஸ்பத்திரியில் அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று சொன்ன வாரத்தில்தான் கேட்டாள், என்னாங்க, இன்னாசி அண்ணன் வீடு தூரமா, ஏன் என்றேன், அம்மா தகரத்த ஒருக்கா கையில வச்சுப் பாத்துட்டு தந்துறலாம்னுதான், அவரு சேத்து வச்சுருக்காரு, பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துறலாம் என்றாள், பதினோரு வருடத்தில் அது ஒன்றுதான் கேட்டாள், அதையும் இரவலாகக் கேட்டாள், நான் போனேன், பொன்மலைக்குப் பஸ் ஏறிப் போனேன், இதே கேட் வரைக்கும் வந்தேன், இன்னாசி பனியனோடு செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார், முதுகு தெரிந்தது, கூப்பிட்டால் திரும்பியிருப்பார், பால்பூத் வரை நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடி பால்பூத், மூன்றாவது தடவை பஸ் ஏறிவிட்டேன், அவர் வேளாங்கண்ணிக்குப் போயிருக்கார் என்று அவளிடம் சொன்னேன், சரி வரட்டும் என்றாள், மறுநாள், வந்துட்டாராங்க என்றாள், இல்லை என்றேன், அதற்கடுத்த நாள் கேட்கவில்லை, என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நீங்க சாப்டீங்களா என்றாள், ஆறாம் நாள் காலையில் போய்விட்டாள், சேதி கேட்டு முதலில் மாலையோடு வந்தவர் இன்னாசிதான், வேளாங்கண்ணி போகாத மனிதர், தங்கச்சி தங்கச்சி என்று அவள் காலடியில் நின்று அழுதார், அவர் அழுகைக்குப் பக்கத்தில் என்னால் அழமுடியவில்லை.

டீயோடு வந்து உட்காருகிறார், ஆல்பத்தில் நான் எந்தப் பக்கம் திறந்துவைத்திருக்கிறேன் என்று பார்த்து, அட, நம்ம நாயிங்க என்கிறார், நான் டேனிஷ் காசை எடுத்து அவர்முன் வைக்கிறேன், டம்ளரைத் தொடாமல் எல்லாவற்றையும் சொல்கிறேன், கடையில்லை என்று, கூடை என்று, மருந்துத் தண்ணீர் என்று, சாம்பல் என்று, வேளாங்கண்ணி என்று, முடிந்தபோது டீயில் ஆடை கட்டியிருந்தது, அந்தத் தங்கச்சி கையால எத்தன காப்பி குடிச்சிருக்கேன், என்கிறார் மெதுவாக, அந்தப் புள்ள முன்னால வச்சுத்தான நான் சிரிச்சேன், நீங்க பொய் சொன்னது உங்க பாடு சார், அத என் கையால எழுத வச்சுட்டீங்களே, அப்புறம் இடுக்கியால் தகரத்தை உருவி எடுத்து, என்ன நினைத்தாரோ, இடுக்கியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் ஏந்தி என் கையில் வைக்கிறார், டேனிஷ் காசைத் தள்ளிவிடுகிறார், இத எடுத்துட்டுப் போங்க, எனக்கு வேணாம், பழைய சீட்டை நான்காகக் கிழிக்கிறார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புதுச்சீட்டு ஒன்றை வெட்டி எடுக்கிறார், தகரம் உங்க வீட்டுக்குப் போவட்டும், ஆனா சரியான சீட்டோட போவட்டும் என்று எழுதத் தொடங்குகிறார், கழுத்துத் தகரம் என்று ஒரு வரி, மண்டபம் முகாம் என்று ஒரு வரி, மூன்றாவது வரிக்கு வந்து பேனா நிற்கிறது, அந்தம்மா பேரு சார் என்கிறார், நான் வாயைத் திறக்கிறேன், சந்தனத்தோட அம்மா என்கிறேன், அது ஒறவு சார், பேரு என்கிறார், நாற்பது வருடம், ரேஷன் கார்டில் தகப்பன் பெயர் இருந்தது, கல்யாணப் பத்திரிகை அடிக்கவேயில்லை, அவள் எப்போதும் அம்மா என்றுதான் சொன்னாள், நானும் கேட்டதில்லை, மாமனார் போய்ப் பதினெட்டு வருடம், இனி யாரிடம் கேட்பேன், எந்த மனுவை எந்தத் தோட்டத்துக்குப் பதிவுத் தபாலில் போடுவேன், ஆற்காட்டு நவாபுகளின் பெயர் வரிசையாக வருகிறது, டேனிஷ் ராஜாக்களின் பெயர் வரிசையாக வருகிறது, எட்டு நாய்களும் அவரவர் ஊரோடும் சீட்டோடும் இருக்கின்றன, ஒன்பதாவது பாக்கெட் காலியாக இருக்கிறது, இன்னாசி பேனாவை மூடாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார், நான் காசுக்காரனின் பழக்கத்தில் தகரத்தைத் திருப்பிப் பார்க்கிறேன், மறுபக்கம் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.