எட்டாவது பனல்

காலை ஐந்தரைக்கு லொறியின் பின்கதவு திறந்தபோது, வெளியே இருந்த குளிரைவிட உள்ளே இருந்த இரும்பு குளிர்ந்தது. செல்வரட்ணம் கையுறைக்குள் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். பத்தும் இருந்தன. ஐம்பத்தெட்டு வயதில் அவர் பெயரில் இருந்த சொத்து அவ்வளவுதான்.

ஏரிக்கரையோரத்து அந்த அரங்கில் மாலை கூண்டுச் சண்டை. குத்தலாம், உதைக்கலாம், கட்டிப் புரண்டு கழுத்தை நெரிக்கலாம். கூண்டுக்கு எட்டுப் பக்கம்; ஒவ்வொரு பக்கமும் கம்பிவலை பூட்டிய ஓர் இரும்புச் சட்டம். பனல் என்பார்கள். அதை நிலத்திலிருந்து தூக்கி நெஞ்சளவு மேடையில் ஏற்றிப் பூட்ட வேண்டும். முன்பு வருஷத்துக்கு நாலு சண்டை, பனலுக்கு நாலு பேர். கூடக் காசு கட்டிப் பார்க்கிற கேபிள் சனல் வந்த பிறகு மாதம் இரண்டு சண்டை, பனலுக்கு மூன்று பேர். சண்டை வளர வளர ஆள் தேய்ந்தது. கூண்டு கட்டுகிற ஒன்பது பேரில் ஒருவர் வீட்டிலும் அந்தச் சனல் இல்லை.

எட்டரைக்கு ஏழாவது பனல் சறுக்கியது.

“பிடியுங்கோ! அண்ணை, பிடியுங்கோ!” என்று கூடத் தூக்கிய றெமிஜியஸ் கத்தினான். நாலாவது ஆள் நிற்கவேண்டிய மூலையில் காற்றுத்தான் நின்றது. சட்டத்துக்கும் மேடை விளிம்புக்கும் நடுவே அவன் வலது கை. பெரிய சத்தமில்லை. முருங்கைக்காய் முறிந்த மாதிரி.

பின்வாசலில் அம்புலன்ஸ் தயாராக நின்றது. ஓடப்போன செல்வரட்ணத்தை ஒப்பந்தக்காரன் அபிஷன் மறித்தான். முப்பத்திரண்டு வயது, மார்க்கம் என்ற வசதியான புறநகரில் வீடு, எல்லாரும் அவனுக்கு அங்கிள், அன்ரிதான்.

“அங்கிள், நோ. அது ஃபைட்டேர்ஸுக்கு. அது வெளிக்கிட்டா ரிஹேர்சல் நிக்கும். நான் டாக்ஸி பிடிச்சுத் தாறன்.”

றெமிஜியஸ் கையைத் துவாயில் சுற்றிக்கொண்டு டாக்ஸியில் போனான். அந்தக் கலவரத்துக்குள் அபிஷன் ஒரு கடதாசியை நீட்டினான். “சும்மா ஒரு ஃபோம், அங்கிள்.” செல்வரட்ணம் கையெழுத்து வைத்தார். இருபது வருஷமாக நீட்டிய கடதாசியில் எல்லாம் வைத்தவர். மனிதரை நம்புகிறவர் என்றும் சொல்லலாம். மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறக்கிறவர் என்றும் சொல்லலாம்.

கம்பங்களுக்குப் பஞ்சுறை கட்டுகிற யோகமலர், பெட்டி மேல் கிடந்த அந்தக் கடதாசியை எடுத்து வாசித்தாள்.

“றெமிஜியஸ் டோர்செட் பார்க்கில, தன்ர அப்பார்ட்மென்ட் படியில, ஐஸில வழுக்கி விழுந்தவராம். சாட்சி, செல்வரட்ணம். வேலையில நடந்ததெண்டு எழுதாட்டி நட்டஈடு இல்லை, அந்தக் கைக்கு ஒரு நாதியும் இல்லை. உங்கட கையெழுத்து நல்ல வடிவு, அண்ணை.”

அவள் அறைந்திருந்தால் குறைவாக வலித்திருக்கும்.

ஏழாவதை ஒருவாறு ஏற்றிப் பூட்டினார்கள். மிச்சமிருந்தது எட்டாவது பனல். கூண்டின் கதவு அதில்தான். கதவைத் தாங்கும் ஊசியாணி செல்வரட்ணத்தின் கையில் இருந்தது. பாதி செருகினால் போதும். மாலையில், நேரலையில், யாராவது போய் மோத, கதவோடு பிய்ந்து விழட்டும். நாடே பார்க்கும். அபிஷனின் ஒப்பந்தம் அன்றோடு சரி. அந்த நினைப்பு நாக்கில் பனங்கட்டியாகக் கரைந்தது. இன்னொரு தரம் நினைத்துப் பார்த்தார். இன்னும் இனித்தது.

மேடையில் ஒரு பெண் வெறுங்காலோடு நடந்து தரையை மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாலையின் முதல் சண்டைக்காரி. அடிபட்டு அடிபட்டுப் பிசைந்த மாவு மாதிரிக் காதுகள். அவரைக் கண்டு, “குட் மோர்னிங், சேர்,” என்றாள்.

கதவோடு விழப்போவது இவள்தானே.

‘பழி வாங்கத்தான் வேணும்,’ என்று செல்வரட்ணம் தனக்குள் சொன்னார். ‘ஆளைப் பார்த்து வாங்கவேணும்.’ ஆணியைச் சட்டைப்பைக்குள் போட்டார். நிலத்தில் கிடந்த எட்டாவது பனலின் மேல் மெல்ல உட்கார்ந்தார். வீரமாக உட்காரத்தான் நினைத்தார், முழங்கால் சம்மதிக்கவில்லை. யோகமலர் பஞ்சுறையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொருவராக, எட்டுப் பேரும்.

அபிஷன் ஓடிவந்தான். “அங்கிள், வட் இஸ் திஸ்? கமரா ரெடி!”

“எங்களுக்கும் கால் நோகுது, தம்பி.”

“என்ன வேணும் உங்களுக்கு?”

“உந்தக் கடதாசியைக் கிழியும். கை இஞ்ச, இந்த வேலையில முறிஞ்சதெண்டு எழுதும். நான் கண்ணாடி போட்டு வாசிச்சுக் கையெழுத்து வைக்கிறன். பனலுக்கு நாலு பேர் வேணும்.”

“வேலையில காயமெண்டு எழுதினா இன்ஸ்பெக்டர் வருவார், ஷோவே போயிடும்! வேற ஆக்கள் எடுப்பன்.”

“எடும்,” என்றாள் யோகமலர். “மூண்டு பேர் காணுமெண்டு சொன்னது நீர்தானே? நீரும் உந்த ரெண்டு சூப்பர்வைசர்மாரும். மூண்டு பேர். தூக்குங்கோ பாப்பம்.”

எட்டுப் பேரும் மரியாதையாக எழும்பி வழிவிட்டார்கள். அபிஷனுக்கு வேறு வழியிருக்கவில்லை, கமராக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூவரும் குனிந்தார்கள். பனல் முழங்காலுக்கு வந்தது. ஆடியது. அபிஷனின் பளபளத்த சப்பாத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி, டமார் என்று விழுந்தது. அவன் கையை உதறி, விரல்களை எண்ணுவதுபோலப் பார்த்தான்.

“பத்தும் இருக்கோ, தம்பி?” என்றார் செல்வரட்ணம். அதைக் கேட்டதில் அவருக்கு வந்த சந்தோஷத்துக்குப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டி வரும். வரட்டும்.

எட்டுப் பேரும் திரும்ப உட்கார்ந்தார்கள். அபிஷன் போனைக் காதில் வைத்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்தான். கடதாசி இன்னும் கிழியவில்லை. வெறுங்கால்காரி மேடையிலிருந்து இறங்கி வந்தாள். என்ன விஷயம் என்று யோகமலரிடம் கேட்டாள். கேட்டுவிட்டு அவளும் பனலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

அப்போது கமராப் பரிசோதனைக்காகத் தலைக்கு மேலிருந்த பெரிய திரை உயிர்த்தது. அதில் ஏழு பக்கம் நின்ற கூண்டு. எட்டாம் பக்கத்து இடைவெளியில், வீட்டுப் பருமனில், ஒன்பது முகங்கள்.

செல்வரட்ணம் அண்ணாந்து பார்த்தார். பிறகு, தலையில் மிச்சமிருந்த மயிரை ஒரு பக்கமாக வாரிவிட்டார்.

“கிட்ட வந்து இருங்கோ,” என்றார். “றெமிஜியஸின்ர இடத்தை மட்டும் விடுங்கோ.”