ஒப்பாரிக்கு ஒரு பெயர்

1
இந்தக் கதை கண்டியில் நடந்த ஒரு நூல் வெளியீட்டில் வடையோடு கிடைத்தது. மலையக நாட்டார் பாடல்களைத் திரட்டிய ஓய்வுபெற்ற விரிவுரையாளர் விவேகானந்தன் மேடையில் சொன்னார்: "ஒப்பாரி மாத்திரம் கிடைக்கவில்லை. அந்தப் பெண்கள் அவ்வளவு கூச்சமுள்ளவர்கள்."

ஒலிப்பதிவு செய்ய அவருடன் தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்த என் தோழி லதுஷா, பக்கத்துக் கதிரையில் இருந்து சிரித்தாள். பிறகு நடந்ததைச் சொன்னாள்.

2
பனி மூடிய மலைச்சரிவில், தனித்த ஒரு குரல்...

(வேண்டாம். அன்று மண்டையைப் பிளக்கும் வெயிலாம். மொழிபெயர்ப்பு நாவல்களை வாசித்து வாசித்து, என் கதைகள் எல்லாவற்றிலும் பனி கொட்டுகிறது.)

3
சுருக்கமான வரலாறு: பாட்டுத் தேடுகிறவர்கள் முதலில் பேனையோடு வந்தார்கள், பிறகு டேப் ரெக்கோடரோடு, இப்போது கைபேசியோடு. அச்சில் திரட்டியவரின் பெயர் பட்டங்களோடு நிற்கும். பாடியவர், 'ஒரு தோட்டப் பெண்'.

என் கதையில் அவள் பெயர் பிரேமிளா. (மெச்ச வேண்டாம். நான் வைத்த பெயர்தான். உண்மைப் பெயரை லதுஷாவும் கேட்கவில்லை.)

4
தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில் பிரேமிளாவின் லயத்து வீடு. தாலாட்டும் கும்மியும் பாடிக் கொடுத்தவள், ஒப்பாரி என்றதும் நிறுத்தினாள்.

"அது எழவு வீட்டுல பாடுறதுங்க சேர். எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில இருக்காரு."

"சும்மா பதிவுக்குத்தானே பிள்ளை. கொஞ்சம் அழுது பாடினால் இன்னும் நல்லம்."

"பொணம் இல்லாம பாடுனா, பாட்டு வீட்டுல ஒரு ஆளத் தேடுமுங்க."

"உதெல்லாம் மூடநம்பிக்கை."

பிரேமிளா எழுந்துபோய்ப் பாயைக் கொண்டுவந்து விரித்தாள்.

"அப்ப நீங்க படுங்க சேர். ஒங்க பேரச் சொல்லிப் பாடிர்றேன்."

லதுஷா கைபேசியை நீட்டிப் பிடித்தாள். விவேகானந்தன் பாயைப் பார்த்தார்.

"பெயர் சொல்லாமல் பாடேலாதோ?"

"பேரில்லாம யாருக்குங்க அழுறது?"

வெயில் உச்சியில் இருக்கும்போதே அவருக்குக் கடைசி பஸ் நினைவுக்கு வந்தது.

5
முடிவு அ: அவர் படுக்கிறார். (அந்தத் துணிச்சலை அவருக்கு என் செலவில் கொடுக்க முடியாது.)

முடிவு ஆ: வற்புறுத்தலுக்குப் பணிந்து பாடுகிறாள். விமர்சகர்கள் கண் கலங்குவார்கள், விருதுகூடக் கிடைக்கலாம். எழுதிப் பார்த்தேன்: அவள் கண்களை மூடி, தன் கணவனின்...

அழித்துவிட்டேன். அந்த மனிதர் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

6
நீங்களும் ஒப்பாரி கேட்கத்தானே இவ்வளவு தூரம் வந்தீர்கள். பாய் விரித்தபடி கிடக்கிறது. பிரேமிளா தொண்டையைச் செருமிக்கொண்டு காத்திருக்கிறாள். மூடநம்பிக்கை இல்லாதவரென்றால், இந்த அடைப்புக்குள் உங்கள் பெயரை எழுதுங்கள். அவள் பாடுவாள்.

(                    )