பிணம் விட்ட குறட்டை

இந்த டேக்கிலும் அலறல் சரியாக வராவிட்டால் கதாநாயகியையே மாற்றிவிடுவதாக டைரக்டர் சொல்லிவிட்டார்.

“கொலையப் பாத்துட்டுக் கத்தும்மா. பால்காரரக் கூப்பிடுற மாதிரி கத்துற.”

“பிணமா படுத்திருக்கிறது உங்க மச்சினன் சார். இப்பதான் என் டீயையும் சேர்த்துக் குடிச்சாரு. பயம் எங்கேருந்து வரும்?”

கேமரா ஓடியது. அவள் வெள்ளைத் துணியை விலக்கிக் குனிந்தாள். அசையாமல் கிடந்து கிடந்து தூங்கிப்போயிருந்த பிணம், அவள் முகத்துக்கு நேரே குறட்டை விட்டது. அவள் வீறிட்டதில் லைட்மேன் ஏணியைக் கட்டிக்கொண்டார்.

“ஓகே,” என்றார் டைரக்டர்.

“குறட்டையும் பதிவாயிடுச்சே சார்,” என்றார் ஒலிப்பதிவாளர்.

“வயலினப் போட்டு அமுக்கிடுவோம்.”

“அப்ப நான் படத்துல இருக்கேனா சார்?”

“இருக்கம்மா. நாளைக்கு இன்னொரு கொலை. அதுக்கு முன்னாடி இவனுக்கு வயிறு முட்டச் சாப்பாடு போடச் சொல்லு.”