கண்ணில்லாத கடலில் ஒரு விளக்கு

என் வாயை அடைக்க ஒரு மிட்டாய் போதும் என்று கண்டுபிடித்தவர் யாரோ, அவர் நன்றாகவே இருக்க மாட்டார். ஆனாலும் விதி விதிதான். ஊழிநாள் அன்று ஒரு பிராணியைப் பற்றி வழக்கு நடக்கும்போது, அதை வரைந்தவர் வாயில் உபூயு மிட்டாயைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். சிவப்புச் சர்க்கரை பூசிய ஆனைப்புளிக் கொட்டை அது. தீர்ப்பு வரும்வரை கொட்டையைத் துப்பக் கூடாது. ஒரு வார்த்தை பேசினாலும் பிராணி அங்கேயே செத்தது. நான் டாங்கா சந்தைப் பக்கம் தலை பின்னும் கடை வைத்திருப்பவள். காலையில் கடையைத் திறக்கும்போது திறக்கிற வாய், சாத்தும்போதும் மூடாது. அப்படிப்பட்ட ரிஸிகியைப் போய் சும்மா உட்காரச் சொன்னால்!

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து கட்டிய உலகத்தின் பெயர் உமாண்டே. தரையே கிடையாது, முழுக்கக் கடல். வானத்தில் தேடாதீர்கள், அது தௌசி அக்காவின் மொட்டைமாடித் துணிக்கொடிகளில் தொங்குகிறது. ஒரு கொடி ஒரு யுகம். ஆதிக்கொடியில் ஒரே ஒரு ஜவ்வுத் துளி. அதிலிருந்து பிள்ளை, பேரன் என்று பெருகிய பிராணிகளைத் தாளில் வரைந்து, துணி மாட்டும் கிளிப்பால் வரிசையாக மாட்டியிருக்கிறோம். தாயில்லாமல் பிள்ளை இல்லை. எதை வரைந்தாலும் பழைய கொடியில் அதற்கு ஒரு மூதாதையைக் காட்டியாக வேண்டும். இழந்தது திரும்பாது. ஒரு குலம் வாலை விட்டுவிட்டால் விட்டதுதான். இந்த இரண்டு விதிகளுக்காக நாங்கள் போட்ட சண்டைகளைக் கேட்டு, கீழ்வீட்டுக்காரர் நாங்கள் சொத்துத் தகராறில் இருக்கிறோம் என்றே நம்புகிறார்.

வருடத்துக்கு ஒருமுறை, தெற்கிலிருந்து குசிக் காற்று எழும்பியதும் ஊழிநாள். பால்பவுடர் டின்னுக்குள் கைவிட்டு ஓர் ஊழியை எடுப்போம். எரிமலையோ உறைபனியோ, எது வந்தாலும் வந்ததுதான். ஒவ்வொரு பிராணியும் அதில் பிழைக்குமா என்று வழக்கு. தன் பிராணிக்குத் தானே வாதாட முடியாது. சீட்டுப் போட்டு, யாருக்கு வருகிறதோ அவர் வாதாட வேண்டும். தோற்ற பிராணியின் தாள் கரியடுப்புக்குள் போகும், அதில் தேநீர் கொதிக்கும். எல்லாப் பிராணியையும் பறிகொடுத்தவர் அடுத்த ஊழிநாள்வரை பென்சிலைத் தொடக் கூடாது. அடுப்படியில் குந்தி மற்ற மூவருக்கும் தேநீர் போட வேண்டும்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் மிச்சம். பெயர் கிபதாரி. எங்கள் ஊரில் தகர மண்ணெண்ணெய் விளக்குக்கு அப்படித்தான் பெயர். கட்டைவிரல் நீளம், இரண்டு பக்கமும் நாடா நாடாவாகத் துடுப்புகள், முதுகெல்லாம் பொட்டுப் பொட்டாக நீல வெளிச்சம். என் தங்கம்! அதுவும் போய்விட்டால் ஒரு வருடம் பென்சில் இல்லாமல் நான் பைத்தியமாகி, யாருடைய தலையையாவது தப்பாகப் பின்னிவிடுவேன்.

அன்று மதியம் சீட்டை எடுத்தோம். கிபதாரி போனது மஹினா வாத்தியார் கைக்கு. மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் சொல்லித் தருகிறவர். போன ஊழிநாளில் என் இரண்டு பிராணிகளை அடுப்புக்கு அனுப்பிய மனிதர். அவருடைய ஜும்பே என் கைக்கு வந்தது. பாய்மரப் படகளவு உடம்பு, முன்பக்கம் முழுக்க வாய், வாய்க்குள் சீப்பு சீப்பாகத் தட்டுகள். எதிரில் வருவதையெல்லாம் தண்ணீரோடு உறிஞ்சி வடிகட்டித் தின்னும். வாத்தியாருக்கு வேறு பிராணிகளும் உண்டு, ஆனாலும் அவருக்கு ஜும்பே என்றால் உயிர்.

"உன் குடுமி என் கையிலே, என் குடுமி உன் கையிலே" என்று சிரித்தார் அவர்.

"எனக்காவது முடியைப் பத்தித் தெரியும் வாத்தியாரே. உங்களுக்கு?" என்றேன்.

ஷெகலாகே கேப்டன் டின்னுக்குள் கையை விட்டார். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் தீர்ப்பு நாட்டாமை அவர்தான். சீட்டைப் பிரித்து, கண்ணாடியை மேலேற்றி, வேண்டுமென்றே ஒரு தடவை செருமினார்.

"பச்சை வெள்ளம்" என்றார்.

ஐயோ! நாங்கள் யாருமே அதை எதிர்பார்க்கவில்லை. மூன்றாவது யுகத்திலிருந்து உமாண்டேயின் கடல் பனிக்கூரைக்குக் கீழே இருண்டு கிடந்தது. இப்போது பனி உருகுகிறது, வெயில் படுகிறது, பாசி பச்சைப்பசேல் என்று பெருகிக் கடல் முழுக்கப் பிராணவாயுவைக் கக்குகிறது. நமக்கு அது உயிர்மூச்சு. அதைப் பழகாத உடம்புக்கு அதுவே விஷம். இரும்பைத் துரு தின்பது போல உள்ளிருந்து தின்றுவிடும்.

முதலில் தௌசி அக்காவின் சேற்றுப்புழு. சீட்டில் அது கேப்டனுக்கே வந்திருந்ததால், தீர்ப்பை வாத்தியாரிடம் விட்டுவிட்டு அவர் வாதாடினார். "சேத்துக்குள்ள இன்னும் ஆழமாப் போய்ப் பதுங்கிக்கும். காத்து அங்க வராது. முடிஞ்சுது" என்றார். வாத்தியார் தலையாட்டியதும் தையல்காரியான தௌசி அக்கா, தைக்கும்போது ஊசியைக் கடிக்கிற பல்லால் மிட்டாயைக் கடித்துத் துப்பினாள். புழு பிழைத்தது.

பிறகு என் முறை. உபூயுவை வாயில் போட்டேன். புளிப்பு காதுவரை ஏறியது. வாத்தியார் கிபதாரியின் தாளைக் கொடியிலிருந்து எடுத்தார், பார்த்தார், புருவத்தைத் தூக்கினார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"ஏம்மா ரிஸிகி, இது என்ன முதுகிலே?"

நான் கையால் விளக்கு மாதிரி காட்டினேன்.

"விளக்கா? யாருக்கும்மா விளக்கு? மூணாவது யுகத்திலேயே எல்லாருக்கும் கண்ணு போயிடுச்சே! நீதானே அன்னிக்கு 'இருட்டுல கண்ணு எதுக்கு, தூக்கிப் போடுங்க'ன்னு கத்தினே? குருடன் ஊர்ல விளக்குக் கடை போட்டிருக்கே!"

தௌசி அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். கேப்டன் பொத்தக்கூட இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏனென்றால் அவர் சொன்னது சரி. அழகாக இருக்கிறதே என்று பொட்டுப் பொட்டாக வைத்தேன். பார்க்க ஒரு ஜீவன்கூட இல்லாத கடல் என்பது அப்போது என் மண்டையில் உறைக்கவில்லை. உமாண்டேயில் இதைவிடக் கேவலமான தப்பு கிடையாது.

"வீண் உறுப்பு" என்றார் கேப்டன். சிரிப்பு அடங்கியிருந்தது. "சும்மா இருக்கற காலத்துலயே சோத்தைத் தின்னு விளக்கெரிக்குது. வெள்ளத்துல இது முதல்ல சாகும். வாத்தியாரே, வாதாட ஏதாவது இருக்கா, இல்ல அடுப்பிலே போடட்டுமா?"

பேச வேண்டும் போல நாக்கு துடித்தது. கொட்டையைக் கடித்தேன், பல் வலித்தது. வாத்தியாரை முறைத்தேன். கெஞ்சினேன் என்றும் சொல்லலாம். அவர் தாளோடு அடுப்புப் பக்கம் நடந்தார். பாவி, கொண்டுபோய்ப் போடவே போகிறார் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்துக் குசி ஒரு வீச்சு வீசியது. கொடியில் எல்லா யுகங்களும் படபடத்தன. அடுப்பில் சாம்பல் பறந்து கரி செக்கச்செவேல் என்று கனன்றது. வாத்தியார் அப்படியே நின்றுவிட்டார்.

"கேப்டன்" என்றார். குரலே மாறியிருந்தது. "இந்தக் கரி யாருக்கு வெளிச்சம் காட்டுது?"

"யாருக்கும் இல்ல. அது பாட்டுக்கு எரியுது."

"காத்தைத் தின்னு எரியுது! காத்து அதிகமா வந்தா அதிகமா எரியுது! மின்மினியும் அப்படித்தானே? பிராணவாயுவைச் செலவழிச்சாத்தான் வெளிச்சம்! ஐயா, இது விளக்கே இல்ல. இது விஷத்தை எரிக்கிற அடுப்பு! பனிவெடிப்பு வழியாக் கசிஞ்ச கொஞ்சநஞ்சக் காத்தை எரிக்கத்தான் இந்தப் பொட்டெல்லாம் வந்துச்சு. வெளிச்சம் அதோட புகை மாதிரி, வேண்டாத சமாச்சாரம். இப்ப வெள்ளம் வருது. மத்ததெல்லாம் துருப்பிடிச்சுச் சாகும். இந்தப் பொடிசு மட்டும் எரிச்சுத் தள்ளிக்கிட்டு நீந்தும்!"

"எரிக்கச் சோறு வேணுமே?" என்று மடக்கினார் கேப்டன்.

"கடல் முழுக்கப் பிணமா மிதக்குதே, தின்னட்டும்!"

கேப்டன் ஆதிக்கொடியிலிருந்து கடைசிக் கொடிவரை நடந்தார், மூதாதைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "பிழைச்சுது" என்றார்.

கொட்டையைத் துப்பிய வேகத்தில் அது பக்கத்து மாடியில் போய் விழுந்தது. "கத்தியே கொல்லுவேன் உங்களை, வாத்தியாரே!" என்று நான் போட்ட கூச்சலுக்கு அர்த்தம் நன்றி என்பதுதான். அவருக்கும் அது தெரியும். சும்மா தலையை ஆட்டிவிட்டு, தாமே ஒரு உபூயுவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்தது ஜும்பே.

என்ன சொல்வது? அவ்வளவு பெரிய உடம்பு, நாளெல்லாம் தண்ணீரை உறிஞ்சுகிறது. ஒவ்வொரு வாய்க்கும் விஷம் உள்ளே போகும். சேற்றில் பதுங்க முடியாது, ஓட முடியாது. நான் அந்தப் பெரிய வாயையே பார்த்தேன். வாத்தியார் என்னையே பார்த்தார். சற்றுமுன் நான் அவரைப் பார்த்த அதே பார்வை.

திடீரென்று எனக்குத் தலை கால் புரியவில்லை.

"ஜும்பே என்ன தின்னும்?" என்று கத்தினேன். "சொல்லுங்க கேப்டன், என்ன தின்னும்?"

"வர்றதையெல்லாம்."

"கிபதாரியும் வருமில்ல? கூட்டம் கூட்டமா உள்ள போகுமில்ல? கிபதாரியோட மூதாதை பனிக்கூரையிலே தொங்கின பிராணி. அடிவயித்துல அந்தக் கொக்கி இன்னும் இருக்கு, பாருங்க! நாலு கிபதாரி தொண்டைத் தட்டுல மாட்டிக்கிட்டு, சாகாம அங்கேயே எரியும். அந்த ஜும்பேக்கு உள்ள போற தண்ணி கொஞ்சம் சுத்தம். அது மத்ததைவிட நாலு நாள் கூட உயிரோட இருக்கும், கூட நாலு குட்டி போடும். அடுத்த தலைமுறைக்குத் தட்டு இன்னும் வாகா இருக்கும், இன்னும் நிறைய மாட்டும். கடைசியிலே தொண்டை முழுக்க கிபதாரி! ஜும்பே தின்னற சோத்துல சிந்தினது அதுக்கு. விஷத்தை அது எரிச்சிடும். ரெண்டும் பிழைக்கும்!"

தௌசி அக்கா, "அடியே, வாயெல்லாம் விளக்கா!" என்றாள்.

கேப்டன் மட்டும் தாடையைச் சொறிந்தார். "நல்லா இருக்கு. ஆனா யோசிச்சுக்கோ. தொண்டைக்குள்ள ஒட்டிக்கிட்டே இருக்கறதுக்குத் துடுப்பு எதுக்கு? போயிடும். போனா திரும்பாது. அப்புறம் ஜும்பே செத்தா உன்னுதும் செத்துச்சு. உனக்கு இருக்கறது இது ஒண்ணுதான். வேண்டாம்னா ஜும்பேயை விட்டுடு, உன்னோடது தனியாப் பிழைச்சாச்சு."

துடுப்புகளைப் பார்த்தேன். ஒவ்வொரு நாடாவும் எப்படி நெளியும் என்று நான் இரவும் பகலும் நினைத்து நினைத்து வரைந்தவை. வாத்தியாரைப் பார்த்தேன். வாயில் கொட்டையோடு கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவருக்காகத்தான் செய்தேன் என்று சொன்னால் அது பொய். அந்த யோசனை அவ்வளவு அற்புதமாக இருந்தது. அதை விட்டுவிட்டு நான் எப்படி ராத்திரி தூங்குவேன்?

ரப்பரை எடுத்தேன். துடுப்புகளை நானே அழித்தேன். கை நிற்கவில்லை. பிறகு ஜும்பேயின் தாளை இழுத்து, அந்த இருட்டு வாய்க்குள் நீலப் பென்சிலால் பொட்டுப் பொட்டாக வைத்துக்கொண்டே போனேன்.

"ரெண்டும் பிழைச்சுது" என்றார் கேப்டன். தாளைக் கடைசிக் கொடியில் அவரே மாட்டினார்.

வாத்தியார் கொட்டையைத் துப்பினார். கண் கலங்கியிருந்ததை மறைக்க, "இனிமே உன் பொடிசுங்க என் வாயிலே சத்தம் போடாம இருக்கணும்" என்றார்.

"உங்க வாயிலே மாட்டினா யாராலதான் பேச முடியும்!" என்றேன்.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது தௌசி அக்கா மட்டும் தன் சேற்றுப்புழுவின் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டாள்.

"ஜும்பே வாயைத் திறந்துகிட்டு சேத்துக்கு மேல வருது" என்றாள் மெதுவாக. "இப்ப அந்த வாயிலே வெளிச்சம் இருக்கு. புழு தலையை வெளிய நீட்டியிருக்கு. தோல்ல ஓரிடம் கொஞ்சம் கறுப்பா இருந்து, வெளிச்சம் பட்டா சுருக்குன்னா, அந்தப் புழு சட்டுனு உள்ள போயிடும். தப்பிச்சிடும்."

புழுவின் தலையில் ஒரே ஒரு புள்ளி வைத்தாள்.

கேப்டன் எழுந்து நின்றுவிட்டார். வாத்தியார் 'இழந்தது திரும்பாது' என்ற விதியைச் சொல்ல வாயைத் திறந்தார். கேப்டன் கையைக் காட்டி அடக்கினார். "பழைய கண்ணு இல்ல வாத்தியாரே. பழசு நரம்புலேருந்து வந்தது, இது தோல்லேருந்து. புதுசு."

பனிக்கூரை மூடியதற்குப் பிறகு உமாண்டேயில் முதல் கண். நான் அந்தத் தாளைப் பிடுங்கிக்கொண்டு போய் வாத்தியாரின் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"யாருக்கும்மா விளக்குன்னு கேட்டீங்களே? இந்தாங்க. இதுக்குத்தான்."